நினைவுப் படக்காட்சிக்குத் தகுந்த மென்பொருள் எது? திருகோணமலைத் துறைமுகப் பகுதியை முன்வைத்து ஓர் ஆய்வு

மறைந்துபோன ஒருவரின் உருவத்தையும் வாழ்வையும் எந்தச் சாதனத்தைக் கொண்டு பேணினால் அது எஞ்சியிருப்போர்க்கு ஆறுதலாகவும் வரும் தலைமுறைக்கு ஆதாரமாகவும் நிலைக்கும் என்னும் வினா, தமிழரிடையே நேற்று இன்று தோன்றியதன்று. வீழ்ந்த வீரனுக்கு நடுகல் நாட்டிய பழங்காலமும், இறந்தவரின் வமிசாவளியையும் குணநலன்களையும் செய்யுளாக்கி அச்சிட்டு அந்தியேட்டியன்று வந்தோர்க்கெல்லாம் வழங்கிய, ‘கல்வெட்டு’ என்றே வழங்கும் ஈழத்து நூல்மரபும், வானொலியிலும் பத்திரிகையிலும் வந்த மரண அறிவித்தல்களும் அந்த ஒரே வினாவுக்கு வெவ்வேறு காலங்கள் அளித்த விடைகளே ஆகும். இன்று அதே வினா, பழைய படங்களையும் சிறு வீடியோத் துண்டுகளையும் வரிசைப்படுத்தி, பெயரும் ஆண்டும் பொறித்து, தேவாரமோ கீர்த்தனையோ சேர்த்து, ‘நினைவஞ்சலி வீடியோ’ என்று ஊரார் சொல்லும் படக்காட்சியைத் தயாரிப்பதற்கு எந்த மென்பொருள் தகும் என்ற உருவில் நம் முன் நிற்கின்றது.

இவ்வினாவைத் திருகோணமலைத் துறைமுகப் பகுதியை முன்வைத்து ஆராய்வதற்குத் தக்க காரணங்கள் உள்ளன. 2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையிலும், 2006ஆம் ஆண்டு மூதூர், சம்பூர்ப் பகுதிகளில் நேர்ந்த இடப்பெயர்விலும், அவற்றுக்கு முன்னைய கலவரங்களிலும் குடும்ப ஆல்பங்களை முற்றாக இழந்தவர்கள் இம்மாவட்டத்தில் ஏராளம். மூன்று மொழிகள் அன்றாடம் புழங்கும் இடமும் இதுவே. உறவினரிற் பெரும்பகுதியினர் கனடாவிலும் பிரித்தானியாவிலும் ஐரோப்பிய நாடுகளிலும் வாழ்கின்ற நிலையும் இங்கு உண்டு. ஆகவே வேறோரிடத்தில் அழகியல் சார்ந்த விருப்பமாக நின்றுவிடக்கூடிய இத்தெரிவு, இங்கே ஆவணம், மொழி, பொருளாதாரம் ஆகிய மூன்றையும் தொடுகின்ற பிரச்சினையாகின்றது.

கலையின் பூர்வீகம்

அசையாத படத்தை அசைவதுபோற் காட்டும் உத்தி கணினியோடு பிறந்ததென்று கருதுவோர் பலர், அது உண்மையன்று. கனடாவின் தேசியத் திரைப்படச் சபைக்காகக் கொலின் லோ, வுல்ஃப் கோனிக் ஆகிய இருவரும் 1957இல் இயக்கிய ‘சிற்றி ஒஃப் கோல்ட்’ என்னும் ஆவணப்படம், பழைய நிழற்படங்களின் மீது கமராவை மெல்ல நகர்த்தியும் நெருக்கியும் மறைந்துபோன ஒரு நகரத்தின் வாழ்வைக் கண்முன் நிறுத்தியது. அமெரிக்கரான கென் பேர்ன்ஸ் 1990இல் வெளியிட்ட உள்நாட்டுப் போர் பற்றிய தொடர் அவ்வுத்தியை உலகறியச் செய்தமையால், இன்று பல மென்பொருள்களில் அவர் பெயராலேயே அது வழங்கப்படுகின்றது. இதற்கிடையே 1961இல் கொடக் நிறுவனம் வெளியிட்ட வட்டத்தட்டுச் சிலைட் புரொஜெக்டர், குடும்பத்தார் ஒன்றுகூடி இருட்டறையில் படம் பார்க்கும் வழக்கத்தை மேலைநாடுகளிற் பரப்பியது.

கணினியில் இவ்விரு மரபுகளும் ஒன்றுசேர்ந்தன. 1987இல் வெளிவந்த பவர்பொயின்ற் சிலைட்டின் வாரிசு. 2000ஆம் ஆண்டில் விண்டோஸோடு இலவசமாக வந்த மூவி மேக்கர் திரைப்பட வெட்டுமேசையின் வாரிசு. பின்னர் எழுந்த அபிப்பிராய பேதங்களுட் பல, படக்காட்சியைச் சிலைட்டுகளின் வரிசையாகக் காண்பதா, திரைப்படமாகக் காண்பதா என்னும் இந்த அடிப்படை வேறுபாட்டிலிருந்தே கிளைத்தன என்று கூறலாம்.

மூன்று தவணைகள்

எந்த மென்பொருள் சிறந்தது என்று கேட்பதற்கு முன், எந்தத் தவணைக்கு என்று கேட்டாக வேண்டும். சைவக் குடும்பங்களில் முதற்றவணை இறுதிக்கிரியை நிகழும் நாளாகும். உடலம் வீட்டில் வைக்கப்பட்டிருக்கும் ஓரிரு நாள்களுக்குள், அழுத கண்ணோடு யாரோ ஒரு மருமகனோ பேரப்பிள்ளையோ படங்களைத் திரட்டி ஒரு சிறு காட்சியை ஆக்கவேண்டியிருக்கும். இரண்டாவது தவணை எட்டுச்சடங்கும் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும். கன்னியா வெந்நீரூற்றில் கிரியை முடித்துவரும் குடும்பத்தினர் வீட்டிலோ மண்டபத்திலோ கூடும் அந்த நாளுக்கு, ஏறத்தாழ நான்கு வார அவகாசம் உண்டு. மூன்றாவது தவணை ஆண்டுத்திவசமும் அதன்பின் வருடந்தோறும் வரும் நினைவுநாள்களும்.

கத்தோலிக்கரும் மெதடிஸ்தரும் நினைவுத் திருப்பலியையோ ஆராதனையையோ ஒட்டி இத்தகைய காட்சிகளை ஆயத்தஞ் செய்வதுண்டு. கிண்ணியா, மூதூர் முதலிய ஊர்களின் முஸ்லிம் குடும்பங்களிலோ இறந்தவரின் உருவப்படத்தை முன்வைக்கும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. பிரார்த்தனையும் தானமுமே அங்கு நினைவின் வடிவங்கள். எனவே இக்கட்டுரையின் விசாரணை எல்லாச் சமூகத்தார்க்கும் ஒருங்கே பொருந்துவதாகக் கொள்ளுதல் தகாது.

முதற்றவணைக்கு வேகமே பிரதானம், இரண்டாவதற்குப் பூரணத்துவம், மூன்றாவதற்கு, சென்ற ஆண்டு செய்ததைத் திறந்து திருத்தக்கூடிய வசதி. ஒரு தவணைக்கு உகந்த கருவியை மூன்றுக்கும் உகந்ததென்று வாதிடுவதாலேயே பல தர்க்கங்கள் முடிவின்றி நீள்கின்றன.

ஸ்டூடியோ வழி

முதலாவது நிலைப்பாடு, இது தொழிலறிந்தோர் செய்யவேண்டிய வேலை என்பது. கல்யாண வீடியோத் தொழிலோடு வளர்ந்த ஸ்டூடியோக்கள் எடியஸ், பிரிமியர் புரோ முதலிய எடிட்டிங் மென்பொருள்களையும், படக்காட்சிக்கென்றே அமைந்த புரோஷோவையும் கையாண்டு பழகியவை. பழுதடைந்த படத்தைச் சீர்செய்தல், நிறத்தை ஒழுங்குபடுத்தல், ஒலியைச் சமன்படுத்தல் ஆகியவற்றில் அவர்களின் கைத்தேர்ச்சிக்கு ஈடாகச் செயலி எதுவும் தானாகச் செய்துவிடுவதில்லை என்பது நியாயமான வாதம். இழப்பின் பாரத்தால் தளர்ந்திருக்கும் குடும்பத்தினரை அந்த வேளையிற் கணினியின் முன் அமரச்செய்வது தகுமா என்னும் கேள்வியும் இலகுவில் ஒதுக்கத்தக்கதன்று.

இந்நிலைப்பாட்டின் குறைகள் இரண்டு. கல்யாணத்துக்கென்று ஆக்கப்பட்ட டெம்ப்ளேற்றுகளே நிறம் மாற்றி நினைவுக்கும் இடப்படுவதால், சுழலும் சட்டங்களும் சிதறும் ஒளிப்பொறிகளும் பொழியும் பூவிதழ்களும் அமைதிக்குரிய காட்சியில் நுழைந்துவிடுகின்றன என்பது ஒன்று. மற்றையது அதனினும் பாரதூரமானது: குடும்பத்தின் கைக்கு வருவது முடிந்த வீடியோ மட்டுமே, அதனை ஆக்கிய புரொஜெக்ட் கோப்பும், பெரிய அளவில் ஸ்கேன் செய்த படங்களும் ஸ்டூடியோவின் கணினியிலேயே தங்கிவிடுகின்றன.

புரோஷோவின் வரலாறு இவ்விடத்தில் ஒரு பாடம். அதனை ஆக்கிய ஃபோட்டோடெக்ஸ் நிறுவனம் 2020 ஜனவரி இறுதியில் தன் பணிகளை முடித்துக்கொண்டது. முன்னர் வாங்கிய பிரதிகள் சில கணினிகளில் இன்றும் இயங்கக்கூடும். எனினும் புதிய கணினிக்கு மாறும் ஸ்டூடியோ, பத்தாண்டுகளுக்கு முன் தானே ஆக்கிய கோப்பைத் திறக்க முடியாத நிலை வருமாயின், அக்குடும்பத்தின் நினைவுக்காட்சி திருத்த இயலாததாகிவிடும். மூவி மேக்கரின் விநியோகத்தை மைக்ரோசொஃப்ட் 2017 ஜனவரியில் நிறுத்தியதும், கூகிள் நிறுவனம் பிக்காசாவை 2016இற் கைவிட்டதும் இதே இனத்தைச் சேர்ந்த நிகழ்ச்சிகள்.

பவர்பொயின்ற் வழி

இரண்டாவது நிலைப்பாடு, ஏற்கெனவே பாடசாலையிலும் அலுவலகத்திலும் உள்ள பவர்பொயின்ற் போதும் என்பது. ஆசிரியர்களும் அரச ஊழியர்களும் செறிந்து வாழும் இம்மாவட்டத்தில் இது பலருக்கு இயல்பாகத் தோன்றும் வழி. ‘போட்டோ அல்பம்’ என்னும் வசதியினால் நூறு படங்களை ஒரே தடவையிற் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் நேரமளித்து, இறுதியில் எம்.பி.4 வீடியோவாக ஏற்றுமதி செய்யலாம். விண்டோஸின் எழுத்துரு இயந்திரத்தையே பயன்படுத்துவதால் தமிழும் சிங்களமும் பிழையின்றித் தோன்றுகின்றன. படங்களின் ஒழுங்கை எவரும் கண்டு மாற்றலாம். லிப்ரே ஒஃபிஸ் இம்பிரஸ் இதே பணியைக் கட்டணமின்றிச் செய்கின்றது.

பவர்பொயின்றின் கோப்புவடிவம் பகிரங்கமான சர்வதேசத் தரமாக 2008இல் ஏற்கப்பட்டது. அக்கோப்பு உண்மையில் ஒரு சிப் பொதியே. அதனைப் பிரித்தால் ‘மீடியா’ என்னும் உறையினுள் படங்கள் யாவும் தனித்தனியே கிடைக்கும். ஆயினும் ஒரு நுண்ணிய பொறி இங்குண்டு. பவர்பொயின்ற் தன் இயல்பான அமைப்பில், சேமிக்கும்போது படங்களை அங்குலத்துக்கு 220 புள்ளி என்ற அளவுக்குச் சுருக்கிவிடுகின்றது. ‘படங்களைச் சுருக்காதே’ என்னும் தெரிவை முன்கூட்டியே இட்டாலன்றி, பெருஞ்சிரமத்தோடு ஸ்கேன் செய்த படத்தின் நுட்பம் அறியாமலே தொலைந்துவிடும். அன்றியும், கூட்டுப் படமொன்றில் ஒருவரது முகத்தை நோக்கி மெல்ல நெருங்கிச் செல்லுதல், இசையின் முடிவோடு காட்சியின் முடிவைப் பொருத்துதல் போன்ற வேலைகள் இதிற் கடினமாகவே உள்ளன.

கைபேசிச் செயலி வழி

மூன்றாவது நிலைப்பாடு இளந்தலைமுறையினருடையது. கப்கட், இன்ஷொட், கைன்மாஸ்டர், கன்வா முதலியவற்றைக் கொண்டு அரை மணி நேரத்தில் ஒரு காட்சியை ஆக்கி வட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம் என்பது அவர்களின் வாதம். முதற்றவணையைப் பொறுத்தமட்டில் இவ்வாதம் வலுவானது. மடிகணினி இல்லாத வீட்டிலும் கைபேசி உண்டு. மின்சாரம் தடைப்பட்டாலும் அது இயங்கும். 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு நிலவியதை நினைவுகூர்வோர் இதன் பெறுமதியை உணர்வர்.

எனினும் வட்ஸ்அப்பில் வந்த படமே வட்ஸ்அப்பில் போகும் வீடியோவுக்கு மூலமாக அமையும்போது, ஒவ்வொரு பிரயாணத்திலும் படம் சுருக்கப்பட்டு முகங்களின் கோடுகள் மங்கிவிடுகின்றன. வெளிநாட்டு உறவினரிடம் படங்களை ‘டொக்கியுமென்ற்’ ஆக அனுப்புமாறு கேட்பது இதற்கு எளிய பரிகாரம். அவ்வகையில் 2 கிகாபைட் வரையான கோப்புகளை அனுப்ப 2022 முதல் இடமுண்டு. நிமிர்ந்த சட்டத்தில் ஆக்கிய காட்சி மண்டபத்தின் புரொஜெக்டரில் இரு பக்கமும் கரும்பட்டையோடு ஒடுங்கித் தோன்றுவதும், இலவசப் பதிப்புகள் பலவற்றில் மறைந்தவரின் படத்தின் மேலேயே நிறுவனத்தின் முத்திரை விழுவதும், அதை நீக்குவதற்கு மாதச் சந்தாவை டொலர் விலைக்கேற்பச் செலுத்தவேண்டியிருப்பதும் ஏனைய குறைகள். டொலர் ஒன்று 200 ரூபாவுக்குச் சற்று அதிகமாயிருந்த நிலையிலிருந்து 2022இன் ஒருசில மாதங்களுக்குள் ஏறத்தாழ 360 ரூபாவை எட்டிய நாட்டில், சந்தா முறையிலான எக்கருவியும் அடுத்த ஆண்டும் கைக்கெட்டுமென்று உறுதிகூற இயலாது. கைபேசி தொலைந்தாலோ பழுதுபட்டாலோ அதிலிருந்த புரொஜெக்டும் அதனோடே போய்விடும் என்பதையும் மறத்தலாகாது.

கட்டற்ற மென்பொருள் வழி

நான்காவது நிலைப்பாட்டினர் ஷொட்கட், கேடென்லைவ், ஓபன்ஷொட் போன்ற கட்டற்ற மென்பொருள்களை முன்மொழிகின்றனர். கட்டணமின்மை மாத்திரமே அவர்களது காரணமன்று. ஷொட்கட்டினதும் கேடென்லைவினதும் புரொஜெக்ட் கோப்புகள் எக்ஸ்.எம்.எல். என்னும் வாசிக்கத்தக்க எழுத்துவடிவில் அமைந்தவை. எந்தப் படம், எந்த விநாடியில், எவ்வளவு நேரம் என்பதை ஒரு சாதாரண எழுத்துத் தொகுப்பானிலே திறந்தும் காணலாம். மூலநிரல் பகிரங்கமாயிருப்பதால், ஆக்கியோர் கைவிட்டாலும் பிறர் தொடர்ந்து பேண வழியுண்டு. டாவின்சி ரிசோல்வின் இலவசப் பதிப்பும் இவ்விடத்திற் பேசப்படுவதுண்டு. ஆனால் அது இலவசமே அன்றிக் கட்டற்றதன்று, அதற்கு வேண்டிய கணினி வலிமையும் சாதாரணக் குடும்பத்தின் மடிகணினியில் அரிது.

இவ்வழியின் பலவீனம் பயிற்சியிலுள்ளது. எடிட்டிங் முன்பின் அறியாதவருக்குப் பல தடங்கள் கொண்ட அந்தத் திரை மலைப்பைத் தரும். தமிழில் எழுதப்பட்ட தெளிவான கைந்நூல்கள் சிலவே. சந்தேகம் எழுந்தால் அடுத்த தெருவிற் கேட்டறிய ஆளில்லை. துக்க வீட்டின் ஓரிரு நாள்களுக்குள் இவற்றைக் கற்றுக்கொள்ளுமாறு ஒருவரைப் பணிப்பது பொருத்தமாகாது. முன்கூட்டியே கற்றறிந்த ஒருவர் குடும்பத்திலோ சனசமூக நிலையத்திலோ இருப்பின் மட்டுமே இந்நிலைப்பாடு முழுப்பயன் தரும்.

செயற்கை நுண்ணறிவும் அதன் எல்லையும்

ஐந்தாவது நிலைப்பாடு அண்மைக்காலத்தது. 2021 பெப்ரவரியில் மைஹெரிட்டேஜ் நிறுவனம் ‘டீப் நொஸ்டால்ஜியா’ என்னும் வசதியை வெளியிட்டு, அசையாத முகத்தைக் கண் சிமிட்டவும் தலை திருப்பவும் செய்துகாட்டியது. அதன்பின் மங்கிய முகத்தைத் தெளிவாக்கும் கருவிகள் பல பெருகின. ஆழிப்பேரலையிலும் இடப்பெயர்விலும் எல்லாவற்றையும் இழந்து, தேசிய அடையாள அட்டையிலுள்ள தபால்தலையளவு படமொன்றை மட்டும் கையில் வைத்திருக்கும் குடும்பத்துக்கு இக்கருவிகள் அளிக்கும் ஆறுதலைக் குறைத்து மதிப்பிடுவது இரக்கமற்ற செயலாகும்.

ஆயினும் அவற்றின் இயல்பை உள்ளபடி அறிதல் வேண்டும். சிறிய படத்தில் இல்லாத விவரத்தை எக்கருவியாலும் மீட்டெடுக்க இயலாது. பல்லாயிரம் பிறமுகங்களிலிருந்து கற்ற சராசரியைக் கொண்டு, இருந்திருக்கக்கூடிய விவரத்தை அது இட்டு நிரப்புகின்றது. அதன் விளைவாகக் கன்னத்திலிருந்த மறு மறையலாம். கண்ணின் வடிவு சிறிது வேறுபடலாம். தோலின் நிறம் வெளிறலாம். அத்தகைய படம் ஒரு தலைமுறைக்குப் பின் உண்மையான ஒரே படமாக ஏற்கப்படுமாயின், பேத்தி அறிந்துகொள்வது தன் பாட்டியின் முகத்தையன்று. ஆதலால் மூலப்படத்தையும் திருத்திய படத்தையும் தனித்தனியே பெயரிட்டு வைப்பதும், காட்சியில் இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டுவதும் குறைந்தபட்ச நேர்மையாகும். இறந்தவரைப் பேசவும் அசையவும் செய்வதற்கு யாருடைய சம்மதம் வேண்டும் என்பதோ இன்னும் தீராத தர்மவிசாரம்.

திறனை அளக்கும் முறை

திறன்மிக்க மென்பொருள் என்று விளம்பரங்கள் சொல்லும்போது பெரும்பாலும் ஏற்றுமதிக்கு எடுக்கும் நேரத்தையே குறிக்கின்றன. அந்த நேரத்தையும் மென்பொருள் மட்டுமே தீர்மானிப்பதில்லை. நாம் அதற்குள் இடும் பொருளும் தீர்மானிக்கின்றது. கைபேசியில் எடுத்த 4000க்கு 3000 புள்ளி கொண்ட படமொன்று 1 கோடியே 20 இலட்சம் புள்ளிகளை உடையது. 1920க்கு 1080 என்னும் வீடியோச் சட்டமோ ஏறத்தாழ 20 இலட்சத்து 74 ஆயிரம் புள்ளிகளையே கொள்ளும். அத்தகைய படம் கணினியின் நினைவகத்தில் விரிக்கப்படும்போது 36 மெகாபைட் இடத்தைப் பிடிக்கும். இருநூறு படங்களை ஒருங்கே விரிக்கும் மென்பொருளாயின் 7 கிகாபைட்டுக்கு மேல் தேவை. 4 கிகாபைட் நினைவகமுள்ள பழைய கணினி ஏன் திணறி நின்றுவிடுகின்றது என்பது இதனால் விளங்கும். நெருக்கிக் காட்டவேண்டாத படங்களின் பிரதிகளைச் சட்டத்தின் அளவுக்கு முன்னரே சிறிதாக்கிக்கொண்டால், விலையுயர்ந்த மென்பொருளுக்கு மாறுவதைக் காட்டிலும் அதிக நன்மை கிட்டக்கூடும்.

இதற்கு மறுதலையான சந்தர்ப்பமும் உண்டு. 1957இல் பிரித்தானியக் கடற்படையினர் கையளிக்கும்வரை திருகோணமலைத் துறைமுகத்தின் டொக்யாட்டில் வேலைசெய்த ஒருவரின் படம், நாற்பது பேர் வரிசையாக நிற்கும் கூட்டுப் படமொன்றில் மட்டுமே எஞ்சியிருப்பதாகக் கொள்வோம். பத்து அங்குல அகலமான அப்படத்தில் அவர் முகம் கால் அங்குலமே இருக்கும். அங்குலத்துக்கு 600 புள்ளியாக ஸ்கேன் செய்தால் முகத்தின் அகலத்துக்கு 150 புள்ளிகள் கிடைக்கும். 1200 ஆகச் செய்தால் 300. இத்தகைய ஒரே படத்துக்கு மாத்திரம் உயர்ந்த அளவைக் காத்து, மெல்ல நெருங்கும் அசைவை அதற்கே ஒதுக்குவது அறிவுடைமை. எல்லாப் படங்களையும் ஓயாது அசையவிடுவது பார்ப்போரைக் களைப்பிப்பதோடு ஏற்றுமதி நேரத்தையும் பெருக்குகின்றது.

காரணம், இன்று பெருவழக்கிலுள்ள எச்.264 என்னும் 2003ஆம் ஆண்டுச் சுருக்கமுறை, ஒரு சட்டத்துக்கும் அடுத்த சட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டையே பெரும்பாலும் பதிவுசெய்கின்றது. அசையாது நிற்கும் முகத்துக்குச் செலவு சொற்பம். அதன்மேற் பொழியும் பூவிதழ்களுக்கோ ஒவ்வொரு சட்டத்திலும் புதிய செலவு. அத்தகைய வீடியோவை வட்ஸ்அப் மேலும் சுருக்கும்போது, கிடைத்த இடத்தை இதழ்கள் கவர்ந்துகொள்ள, முகம் கலங்கிவிடுகின்றது. அலங்காரத்தைக் குறைப்பது இரசனைக்கு மட்டுமன்றிக் கணிதத்துக்கும் உடன்பாடானது.

மின்தடையையும் திறனின் கணக்கிற் சேர்த்தல் வேண்டும். எம்.பி.4 கோப்பின் உள்ளடக்க அட்டவணை வழக்கமாக இறுதியிலேயே எழுதப்படுவதால், ஏற்றுமதி நடுவில் மின்சாரம் நின்றால் அதுவரை ஆன வேலை முழுதும் திறக்கமுடியாத கோப்பாகிவிடலாம். ஆகவே பகுதி பகுதியாக ஏற்றுமதி செய்து பின்னர் இணைப்பதற்கு இடந்தரும் மென்பொருளை இம்மாவட்டத்தார் விரும்புவதற்கு நியாயமுண்டு.

எழுத்தும் இசையும்

தமிழ் எழுத்தைப் பிழையின்றிக் காட்டாத மென்பொருள் வேறெவ்வகையிற் சிறந்ததாயினும் நமக்கு ஆகாது. தமிழ் 1991இலேயே யுனிகோட்டின் முதற்பதிப்பில் இடம்பெற்றுவிட்டது. ஆயினும் வடிவமைப்பு மென்பொருள்கள் பல நெடுங்காலம் அதனைச் சரிவர இணைத்துக் காட்டாமையால், இலங்கையின் அச்சகங்களும் ஸ்டூடியோக்களும் பாமினி எழுத்துருவிலே நிலைத்தன. பாமினியில் எழுதியது அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தோன்றும். திருகோணமலை என்னும் ஊர்ப்பெயரே இதற்குத் தக்க பரீட்சை: அதிலுள்ள ‘கோ’ ககரத்தின் இருபுறமும் குறி பெறவேண்டியது, இணைப்பறியாத மென்பொருளில் அக்குறிகள் இடம்மாறியோ வெற்றுவட்டத்தோடோ நிற்கும். ‘ஸ்ரீ’, ‘கௌ’ என்பவற்றையும் ஒரு சிங்கள வரியையும் அதனோடு சேர்த்து முதலிலேயே எழுதிப்பார்ப்பவர், கடைசி இரவிற் படவேண்டிய துன்பத்தைத் தவிர்ப்பர்.

இசையைப் பற்றிய சிக்கல் சட்டத்தைச் சார்ந்தது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், படைப்பாளியின் வாழ்நாளுக்கும் அதன்பின் எழுபது ஆண்டுகளுக்கும் பதிப்புரிமையைக் காக்கின்றது. யூடியூப் 2007 முதல் இயக்கிவரும் தானியங்கி அடையாளமுறை சினிமாப் பாடலைக் கண்டறிந்தால், காட்சியைத் தடுக்கவோ ஒலியை நிறுத்தவோ கூடும். தேவார திருவாசகங்கள் பழையனவாயினும் அவற்றைப் பாடிய ஒலிப்பதிவு புதியது, உரிமையுடையது. கோணேசர்மீது சம்பந்தர் பாடிய பதிகத்தை ஊர் ஓதுவாரையோ குடும்பத்திலொருவரையோ கொண்டு கைபேசியிற் பதிவுசெய்து சேர்த்தால், சட்டத்தடை நீங்குவதோடு அக்குரலும் குடும்பத்தின் ஆவணமாகும்.

மதிப்பீடு

இவ்வைந்து நிலைப்பாடுகளையும் ஒப்புநோக்கும்போது, எதுவும் முற்றாகத் தவறானதென்று தள்ளுவதற்கில்லை. முதற்றவணைக்குக் கைபேசிச் செயலியோ பவர்பொயின்றோ போதுமானவை. அந்தியேட்டிக்கு ஸ்டூடியோவின் கைத்திறனை நாடுவதும் தக்கதே. ஆனால் ஸ்கேன் செய்த மூலப்படங்களையும் புரொஜெக்ட் கோப்பையும் சேர்த்தே தரவேண்டுமென்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுதல் அவசியம். ஆண்டுதோறும் திருத்திப் புதுக்க எண்ணுவோர்க்கு, பகிரங்கமான கோப்புவடிவைக் கொண்ட பவர்பொயின்ற், லிப்ரே ஒஃபிஸ், ஷொட்கட், கேடென்லைவ் ஆகியவற்றுள் ஒன்றே நம்பத்தக்கதாகத் தோன்றுகின்றது. திறன் என்பது முதல்நாளின் ஏற்றுமதி நேரம் மட்டுமன்று. இரண்டாம் ஆண்டும் பத்தாம் ஆண்டும் அதே காட்சியைத் திறக்க முயலும்போது செலவாகும் உழைப்பையும் சேர்த்துக் கூட்டினாலே அதன் உண்மையான தொகை வெளிப்படும். அவ்வாறு கூட்டும்போது, மெதுவாக ஏற்றுமதி செய்தாலும் படங்களையும் ஒழுங்கையும் பெயர்களையும் குடும்பத்தின் கையிலே விட்டுவைக்கும் மென்பொருளே திறன்மிக்கது என்ற முடிவுக்கு வரவேண்டியிருக்கின்றது.

அதனினும் முந்திய கடமை ஒன்றுண்டு. படங்களை ஸ்கேன் செய்து, ‘யார், எங்கே, எந்த ஆண்டு’ என்பதை மூத்தோர் உயிரோடிருக்கும்போதே கேட்டுக் கோப்பின் பெயரிலே எழுதி, ஒரு பிரதியை வீட்டிலும், ஒன்றை வேறொரு தட்டிலும், ஒன்றைக் கடல்கடந்த உறவினரிடமும் வைத்திருக்கும் குடும்பத்துக்கு மென்பொருள் தெரிவு இரண்டாம்பட்சமாகிவிடும். உப்புக்காற்றும் ஈரமும் ஓயாத இக்கரையோரத்தில் ஒரே வன்தட்டை நம்பியிருத்தல் ஆபத்தானது. 2005இல் தொடங்கப்பட்ட நூலக நிறுவனம் அச்சிட்ட நினைவு மலர்களை மின்வடிவிற் பேணிவருவதால், தனிக்குடும்பங்களின் நினைவுகள் ஒரு சமூகத்தின் வரலாற்று மூலங்களாக மாறும் வழி திறந்துள்ளது.

படக்காட்சிகளுக்கும் அத்தகைய பொதுக்காப்பகம் வேண்டுமா, வேண்டுமாயின் குடும்பத்தின் அந்தரங்கத்துக்கும் ஊரின் வரலாற்றுக்கும் இடையே எல்லை எங்கே வகுக்கப்படவேண்டும், செயற்கை நுண்ணறிவு திருத்திய முகத்தை எவ்வாறு அடையாளமிட வேண்டும் என்பன இன்னும் தீர்மானிக்கப்படாத வினாக்கள். அவற்றுக்கு விடைகாண மென்பொருள் ஆக்குவோர் மட்டும் போதார். குடும்பத்தாரும் ஸ்டூடியோத் தொழிலாளரும் நூலகத்தாரும் ஒருங்கே கூடிச் சிந்திப்பது அவசியம். அதுவரை ஒவ்வொரு குடும்பமும், தான் தெரிவுசெய்த கருவி நாளை மறைந்தாலும் தன்னிடம் எஞ்சப்போவது எது என்று கேட்டு அதற்கேற்ப நடந்துகொள்வதே நிதானமான வழியாகத் தோன்றுகின்றது.